ரெண்டு காது

ஹைதராபாத் நாச்சாரத்தில் ஜெகநாதனின் பட்டறையில் ஒரு பவர் பிரஸ் இருந்தது. தகட்டை உள்ளே தள்ளினால் மேலிருந்து இறங்கி ஒரே அடியில் சுவிட்சு பாக்ஸ் மூடியாக வெட்டித் தரும். விற்ற கம்பெனிக்காரன் முன்னால் ஒரு கம்பிக் கூண்டு மாட்டிக் கொடுத்திருந்தான். கை உள்ளே இருந்தால் மிஷின் இறங்காது. கூண்டோடு ஓட்டினால் நிமிஷத்துக்கு இருபத்தெட்டு மூடி, கூண்டில்லாமல் நாற்பது. ஜெகநாதனுக்குக் கழித்தல் கணக்கு நன்றாக வரும். கூண்டு கழன்று பரணுக்குப் போயிற்று. ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணிக்குக் கிரியின் வலது கையில் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் தகட்டோடு வெட்டுப்பட்டன. அந்த மூடியை மட்டும் கஸ்டமருக்கு அனுப்பவில்லை.

கிரிக்கு முப்பத்தாறு வயது. லாலாகுடாக்காரன். தாத்தா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்குப் பிழைக்க வந்த வழியில் மூன்றாம் தலைமுறை. பேச்சில் தமிழ் பாதி, மீதி ஹைதராபாத் உருதுவின் ஹவ்வும் நக்கோவும். பதினோரு வருஷமாக அந்தப் பிரஸ்ஸை ஓட்டியவன். சம்பளம் பதினெட்டாயிரம், மாதம் ஐந்தாம் தேதி கவரில் வரும். கையெழுத்துக் கிடையாது, சீட்டுக் கிடையாது, எந்த ரிஜிஸ்தரிலும் பேர் கிடையாது.

ஆட்டோவில் கிளினிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே ஜெகநாதன் வேலையை ஆரம்பித்துவிட்டார். "டாக்டர் கேட்டா வீட்டு கிரைண்டர்ல மாட்டிக்கிச்சின்னு சொல்லுய்யா. பட்டறைன்னா போலீஸு, எஃப்.ஐ.ஆருன்னு இழுப்பாக. அதுவரைக்கும் ஒன் ரத்தம் நிக்குமா?" கிரி அப்படியே சொன்னான். வலியில் இருப்பவனிடம் எதையும் சொல்ல வைக்கலாம். அது அவருக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் பார்க்க வந்தார். கட்டிலில் ஒரு கவரை வைத்தார்.

"கைக்கு மாமா?" என்றான் கிரி. ஹைதராபாத்தில் கைக்கு என்றால் எதற்கு என்று அர்த்தம்.

"கைக்குத்தான். அஞ்சாயிரம் இருக்கு."

கட்டுப் போட்டிருந்த கையோடு கிரி சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஜெகநாதன் அடுத்ததைச் சொன்னார். "கட்டு பிரிச்சதும் கேட்ல வாட்ச்மேனா உக்காந்துக்க. எட்டாயிரம் தாரேன். வாட்ச்மேனுக்கு எத்தன வெரலு வேணும்? விசிலப் பிடிக்க ரெண்டு போதும்."

பதினெட்டு எட்டானதைக் கிரி வீட்டில் சொன்னபோது அவன் மனைவி வள்ளியம்மாள் அழவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்த ஜெஸ்ஸியிடம் போனாள். ஜெஸ்ஸி வக்கீலாகி நாலு வருஷம். வாய் அதிகம், வருமானம் குறைவு.

"வேலை பாக்கும்போது அடிபட்டா முதலாளி இழப்பீடு குடுக்கணும்க்கா. அதுக்குச் சட்டம் இருக்கு, லேபர் ஆபீஸ்ல ஆணையர் இருக்காரு. அண்ணன் வயசு, சம்பளம், போன விரல் எல்லாத்துக்கும் டேபிள் இருக்கு. அஞ்சே கால் லட்சம் வரும். அவர்கிட்ட வேலை பாத்தாருன்னு ப்ரூவ் பண்ணணும். அவ்ளோதான்."

"பதினோரு வருசமா வேலை பாத்தாரே. இதுக்கு இன்னா ப்ரூவு?" என்றாள் வள்ளியம்மாள்.

கிரிதான் தயங்கினான். "மாமா மேல கேஸ் போடறது நக்கோ ஜெஸ்ஸி. பாப்பாவுக்கு மடி குடுத்தவரு."

அது உண்மை. வள்ளியம்மாள் வேலூர்ப் பக்கம். ஒரே பெண், தாய் தகப்பனும் போய்விட்டார்கள். மகள் பத்மப்ரியாவுக்கு மூன்று வயதில் காது குத்த வேண்டியிருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் இல்லை. கிரி கடன் கேட்கிறவனைப் போல் முதலாளியிடம் கேட்டான். ஜெகநாதன் யோசிக்கவே இல்லை. அல்வாலில் ஒரு கோயிலில் பட்டு வேட்டி கட்டி உட்கார்ந்தார், அரை கிராமில் தோடு போட்டார், பத்திரிகையைக்கூடச் சிவகாசியில் சொல்லி ஓசியில் அடித்துக் கொடுத்தார். அதில் கொட்டை எழுத்தில் இருந்தது: தாய்மாமன் திரு. ஜெகநாதன், விருதுநகர். அன்றுவரை முதலாளி என்று கூப்பிட்டவன் அதன் பிறகு மாமா என்றான். அடுத்த இரண்டு வருஷம் சம்பள உயர்வு கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அரை கிராம் தங்கத்துக்கு இத்தனை மலிவாக ஓர் ஆளை யாரும் வாங்கியதில்லை.

ஜெஸ்ஸி மனுப் போட்டாள். இரண்டு மாதத்தில் ஜெகநாதனின் பதில் மனு தெலுங்கில் வந்தது. அதைப் படித்த ஜெஸ்ஸி வள்ளியம்மாளிடம் சொல்வதற்கு முன் கதவைச் சாத்தினாள்.

"அண்ணன் அவர்கிட்ட வேலையே பாக்கலையாம். சொந்தக்காரராம். சும்மா வந்து போவாராம், கவர்ல குடுத்தது தங்கச்சி வீட்டுக்குச் செஞ்ச உதவியாம். கை கிரைண்டர்ல மாட்டினதாம், டாக்டர் சீட்டு இருக்காம்."

"எந்தத் தங்கச்சி?"

"நீங்கதான்க்கா."

"எங்கப்பா பேரு வேற, அவங்கப்பா பேரு வேற. ரேஷன் கார்டுலயே இருக்குதே."

"அதுக்கும் எழுதியிருக்காங்க." ஜெஸ்ஸி காகிதத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவங்க அப்பா வியாபாரமா வேலூர் வரும்போது உங்க அம்மாவோட... நீங்க அவருக்குப் பொறந்தவங்களாம். பேர் மட்டும் வேறயாம்."

"எங்கம்மா வேலூரு தாண்டி எங்கியும் போனதில்ல" என்றாள் வள்ளியம்மாள். அதற்கு ஜெஸ்ஸியிடம் சட்டம் ஏதும் இல்லை.

யோசனை ஜெகநாதனின் வக்கீலுடையது. தூரத்துச் சொந்தம் என்றால் எடுபடாது, தங்கை என்று போடுங்கள், காது குத்துப் போட்டோவும் பத்திரிகையும் மீதியைப் பார்த்துக்கொள்ளும் என்றார் அவர். ஜெகநாதன் ஒரு நாள் மட்டும் யோசித்தார். தெலுங்கில்தானே எழுதுகிறார்கள், விருதுநகரில் எவன் படிக்கப்போகிறான்? செத்துப்போன அப்பாவுக்கு ஒரு சின்ன வீடு கட்டிக் கொடுத்தார். இடத்துச் செலவு இல்லை, கட்டுமானச் செலவு இல்லை, மிச்சம் ஐந்தே கால் லட்சம்.

விசாரணையன்று ஆணையர் மேஜைக்கு முன்னால் எல்லோரும் நின்றார்கள். ஆணையர் தெலுங்குக்காரர், ரிட்டயராக ஏழு மாதம் இருந்தது. ஜெகநாதன் முதலில் சாட்சி சொன்னார். என் தங்கை, என் மச்சான், என் மருமகள் என்று சொல்லச் சொல்லக் கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பொய்யில் உருக்கம் சேர்த்தால் எடை கூடும் என்று தெரிந்தவர். போட்டோவைக் காட்டினார். மடியில் குழந்தை, பக்கத்தில் வாயெல்லாம் பல்லாகக் கிரி, ஆரத்தித் தட்டோடு வள்ளியம்மாள்.

ஆணையர் பார்த்தார். தெலுங்கர்களுக்கும் தாய்மாமன் என்றால் லேசான விஷயமில்லை. யாரோ ஒருத்தனை மாமன் என்று பத்திரிகையில் போடுவார்களா? அவருக்குத் தெரிந்த யாரும் போட்டதில்லை.

"முதலாளிக்கு மரியாதை செய்ய வேண்டுமென்றால் மாலை போட்டிருக்கலாமே" என்றார் தெலுங்கில். ஜெகநாதனின் வக்கீல் தேவைக்கு மேல் சிரித்தார்.

பிறகு வள்ளியம்மாளை அழைத்தார்கள். காலையிலிருந்து அவள் ஒன்றையே மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். பாப்பாவுக்குக் காது குத்த ஆளில்லை சார், அதனால்தான் கேட்டோம். காது, மடி, காது, மடி. கண்ணில் பட்டதும் அந்தப் போட்டோதான். ஆணையர் அதை அவள் பக்கம் திருப்பி, ஜெகநாதன் முகத்தில் விரலை வைத்துக் கேட்டார்.

"இதனு மீ அன்ன காதா?"

தெலுங்கில் காதா என்றால் இல்லையா என்று அர்த்தம். இவன் உன் அண்ணன் இல்லையா என்று கேட்டார். எட்டு வருஷமாகத் தெலுங்குக் காய்கறிக்காரர்களிடம் காது காது என்று விலையை அடித்துப் பேசியவள்தான் வள்ளியம்மாள். மார்க்கெட்டில் வராத பயம் அந்த மேஜை முன் வந்தது. அவள் காதில் அண்ணனும் விழுந்தான், காதும் விழுந்தது.

"ஹவ் சார்" என்றாள். ஹவ் என்றால் ஆமாம். ஒரு காதா இரண்டு காதா என்று சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று சேர்த்துச் சொன்னாள். "ரெண்டு காது."

தெலுங்கில் அதற்கு, இரண்டு இல்லை என்று அர்த்தம்.

"இரண்டு பேர் இல்லையா? இவன் ஒருத்தன்தான் அண்ணனா?" என்றார் ஆணையர் தெலுங்கில். யார் மடியில் என்று கேட்பதாக அவளுக்குப் பட்டது.

"ஹவ் சார். இவருதான். மடியில வெச்சிகினாரு."

டைப்பிஸ்டின் விரல்கள் ஓடின. அவனுக்குப் பத்தும் இருந்தன. ஜெஸ்ஸி எழுந்து, அவர் காதைச் சொல்கிறார், தமிழில் காது என்றால் இது என்று தன் காதைப் பிடித்துக் காட்டினாள். ஆபீசில் எல்லோருக்கும் பார்க்க நன்றாக இருந்தது. ஆணையரே கொஞ்சம் சிரித்தார்.

"அம்மா, எட்டு வருஷம் இந்த ஊரில் இருக்கிறவளுக்கு காது என்றால் தெரியாதா? சொன்னது சொன்னதுதான். உட்கார்."

சாப்பாட்டு நேரத்துக்கு விட்டார்கள். மூன்று பேரும் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். கிரி ஒரு வார்த்தைகூட மிச்சம் வைக்கவில்லை. "உனக்கு வாய் கைக்கு இருக்கு? இல்லன்னு ஒரு தலையாட்டு போதும். அதுக்கும் முடியாதா? அவன் மூணு விரல் எடுத்தான், நீ மீதி கையையும் எடுத்துட்டே."

வள்ளியம்மாள் தலைகுனிந்தபடி, "எங்கம்மாவ நானே எழுதிக் குடுத்துட்டேன்" என்றாள். பிறகு யாரிடமும் இல்லாமல் சொன்னாள். "சொந்த அண்ணங்கூடவே ஒரு குடோனுக்காகக் கோர்ட்டுல நிக்கிற ஆளு. இந்த ஆளு எனக்கு அண்ணனாம்."

ஜெஸ்ஸி தயிர்சாதத்தை வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள். "என்ன குடோன்?"

கிரிக்கு அது மனப்பாடம். பதினோரு வருஷமாகப் பட்டறையில் மிஷின் சத்தத்துக்கு மேல் ஜெகநாதன் போனில் கத்துவதைக் கேட்டவன். விருதுநகரில் அப்பா விட்டுப்போன ரெண்டு மிளகாய் வத்தல் குடோன், ஒரு வீடு. அண்ணன் ஜெயச்சந்திரன் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். உயில் இல்லை. பங்கு கேஸ் ஆறு வருஷமாக நடக்கிறது.

"எவ்ளோ பெறும்?"

"நாலு கோடின்னு சொல்வாரு. பெருமை அடிக்கிறப்ப அஞ்சு."

ஜெஸ்ஸி டிபன் பாக்ஸை மூடினாள். காலையிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தில் பசி தெரிந்தது. "அக்கா, இனிமே நீங்க ஒண்ணுமே மறுக்க வேணாம். அவரு அண்ணன்தான்."

ஜெகநாதனும் அவர் வக்கீலும் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெஸ்ஸி அவர்களைத் தாண்டிப் போய் டைப்பிஸ்ட் ஜன்னலில் நின்று, உரக்க, தமிழில் கேட்டாள். "சார், காலையில ரெண்டு பேரும் சொன்ன சாட்சியத்துக்கும் பதில் மனுவுக்கும் சீல் வெச்ச நகல் வேணும். ரெண்டு செட்." டைப்பிஸ்டுக்குத் தமிழ் தெரியாது. தெரிய வேண்டியவருக்குத் தெரியும்.

ஜெகநாதன் டீயோடு வந்தார். "நகலு எதுக்கும்மா? கேஸுதான் முடிஞ்சிருச்சே."

"இந்தக் கேஸுக்கு இல்லைங்க. விருதுநகர் கேஸுக்கு. உங்க அப்பாவுக்கு மூணாவது பிள்ளை இருக்குன்னு நீங்களே சத்தியம் பண்ணிட்டீங்க, அக்காவும் ஒத்துக்கிட்டாங்க. ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டதுக்கு வேற சாட்சி எதுக்கு? மூணுல ஒண்ணு. ஒரு செட் உங்க அண்ணன் வக்கீலுக்கும் அனுப்பறேன். அவருக்கும் தங்கச்சிதானே, தெரிய வேணாமா?"

"தெலுங்குல இருக்கும்மா அது."

"மொழிபெயர்ப்பு பக்கத்துக்கு நூத்தம்பது ரூபாய்ங்க. நான் போட்டுக்கறேன்."

ஜெகநாதன் தன் வக்கீலைப் பார்த்தார். அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கும் அப்பா சொத்தில் பங்கு உண்டா என்று கேட்டார். வக்கீல் தொண்டையைச் செருமினார். வக்கீல் தொண்டையைச் செருமினால் உண்டு என்று அர்த்தம். ஜெகநாதனுக்கு நன்றாக வரும் கணக்கு மறுபடி ஒருமுறை வந்தது. ஒரு பக்கம் ஐந்தே கால் லட்சம், இன்னொரு பக்கம் நாலு கோடியில் மூன்றில் ஒரு பங்கின் மேல் ஆயுசுக்கும் ஒரு வழக்கு. அதற்கும் மேலே அண்ணன் ஜெயச்சந்திரன், சாதி சனத்தைக் கூட்டி, அப்பன் பேரைக் கெடுத்தவன் என்று தெருவில் நின்று கேட்பார்.

மறுபடி உட்கார்ந்ததும் ஆணையர் பேனாவை எடுக்கும் முன் ஜெகநாதன் எழுந்தார். வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஜெகநாதன் தட்டிவிட்டார்.

"சார், எனக்குத் தங்கச்சின்னு எவளும் கெடையாது. எங்கப்பா கோயிலு கட்டுன மனுசன். வக்கீல் என்னத்தையோ எழுதிட்டாரு, எனக்குத் தெலுங்கு வாசிக்கத் தெரியாது."

ஆணையர் பேனாவை வைத்தார். "அப்படியென்றால் இந்த அம்மா யார்?"

"யாருன்னா? இவுக யாரு, நாங்க யாரு? எங்க வீட்டுப் படி தாண்டி உள்ள வந்திருக்காளா, கேளுங்க. பொங்கலுக்கு வந்தாக்கூட கார் செட்டுல உக்கார வச்சுத்தான் காப்பி குடுப்போம், பேப்பர் கப்புல. புள்ளைக்குக் காது குத்த மாமன் இல்லன்னு காலப் பிடிச்சான். போனாப் போகுதுன்னு போய் உக்காந்தேன். வீட்டுக்கு வந்து தலை முழுகிட்டுத்தான் உள்ள போனேன்."

கிரி போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெஸ்ஸி மட்டும் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த வசவில் ஒரு எழுத்தும் வீணாகிவிடக் கூடாது.

"இவர் யார்?" ஆணையர் கிரியைக் காட்டினார்.

"கூலிக்காரன். நம்ம பிரஸ்ல ஆளு."

"எத்தனை வருஷம்?"

"பதினோரு வருசம்."

"என்ன கொடுத்தீர்கள்?"

இங்கே வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். சம்பளம் எவ்வளவு ஆனாலும் சட்டத்தின் கணக்கு பதினைந்தாயிரத்தோடு நின்றுவிடும்; பத்தாயிரம் என்று சொல்லியிருந்தால் கிரிக்கு இழப்பீட்டில் மூன்றில் ஒன்று குறைந்திருக்கும். ஆனால் கார் செட்டில் பேப்பர் கப் என்று சொன்ன கையோடு, தான் கஞ்சன் இல்லை என்று நாலு பேர் முன் காட்ட வேண்டியிருந்தது. "பதினெட்டாயிரம் சார். அஞ்சாம் தேதின்னா அஞ்சாம் தேதி. ஒரு நாள் பிந்தினேன்னு அவனைச் சொல்லச் சொல்லுங்க."

"பிந்தல சார்" என்றான் கிரி. அன்றைக்கு அவன் சொன்ன ஒரே சாட்சி அதுதான்.

டைப்பிஸ்டின் விரல்கள் மறுபடி ஓடின. ஜெகநாதன் காலையில் சொன்னது பொய்ச் சாட்சி, கவனமாக இருங்கள் என்று ஆணையர் ஒரு வரி அதட்டினார். பொய்ச் சாட்சிக்கு நடவடிக்கை எடுத்தால் தான் ரிட்டயரான பிறகும் படியேற வேண்டியிருக்கும் என்பதால் அதோடு விட்டார். நகல் வேண்டாம் என்று ஜெஸ்ஸி ஜன்னலில் சொன்னாள்.

மூன்று மாதத்தில் உத்தரவு வந்தது. ஜெகநாதன் மேல்முறையீடு போகவில்லை. போனால் பதில் மனுவும் பைலோடு பயணம் போகும். பணத்தை டிமாண்ட் டிராப்டாக ஆணையர் அலுவலகத்தில் கட்ட அவரே வந்தார். கிரியும் வள்ளியம்மாளும் பெற்றுக்கொள்ளும் பாரத்தில் கையெழுத்துப் போட வந்திருந்தார்கள். கிரி இடது கையால் எழுதப் பழகியிருந்தான். எழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளையுடையது போல இருந்தது.

உத்தரவோடு பட்டியலையும் இணைத்திருந்தார்கள். சுவரில் ஒட்டிய விலைப்பட்டியலைப் படிப்பது போல ஜெகநாதன் கண்ணாடி மாட்டி அதை மேலிருந்து கீழ் வரை படித்தார். எந்தப் பட்டியல் கையில் கிடைத்தாலும் அவர் முழுசாகப் படிப்பார். ஒரு இடத்தில் விரலை வைத்தார். அவருக்கு நிஜமாகவே ஆச்சரியமாக இருந்தது.

"ஏப்பா கிரி, இதப் பாத்தியா? ஒரு கையில மூணு வெரலு போனா முப்பது பர்சென்ட். நாலு போனா அம்பது பர்சென்ட்." வாய்க்குள் பெருக்கினார். அவருக்குக் கால்குலேட்டர் தேவைப்பட்டதில்லை. "அந்தச் சுண்டு வெரலுக்கு மட்டும் மூணரை லட்சம்யா. மிஷினு ஒனக்கு மூணரை லட்சத்தக் கொறச்சிருச்சு."

கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டு, யாரிடமும் விடைபெறாமல் இறங்கிப் போனார்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வள்ளியம்மாள் ஜன்னல் பக்கம். கிரியின் வலது கை அவள் மடியோரம் கிடந்தது. விபத்து நடந்ததிலிருந்து அந்தக் கையில் இல்லாததைத்தான் அவள் பார்த்து வந்தாள். இன்றைக்கு முதல் தடவையாக இருப்பதைப் பார்த்தாள். ஒரு கட்டைவிரல், தள்ளித் தனியாக ஒரு சுண்டுவிரல். நகம் வளர்ந்திருந்தது.

ரொம்ப தூரம் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இன்னா யோசிக்கிற?" என்றான் கிரி, அவள் பேச்சிலேயே.

"ஒண்ணுமில்ல."

"சொல்லு."

"ஒண்ணுமில்லன்றேன்."

கிரி அந்த விரலை மெதுவாக உள்ளங்கைக்குள் மடக்கினான். மூடிக்கொள்ள மற்ற விரல்கள் இல்லாததால் அது வெளியே தெரிந்துகொண்டுதான் இருந்தது.

"நானும் அதத்தான் யோசிச்சிட்டு வந்தேன்" என்றான்.